பச்சைத் துணி அடுக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்று மட்டும் எண்ணூறு படுக்கை விரிப்புகள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் மடிப்பு மேசை என்பது இரண்டு பேர் வேலை. இரண்டு முனை என்னிடம், இரண்டு முனை எதிரே நிற்பவளிடம். அவள் உயரத்தால் ஆலை முழுக்க அவளுக்கு நெட்டை என்றே பெயர். உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேரும் அந்த நொடியில்தான் எங்கள் பேச்செல்லாம். பதினோரு வருடமாக இப்படித்தான். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட இவ்வளவு கிட்டத்தில் இத்தனை தடவை பார்த்ததில்லை.

பதினோரு வருடம் ஆகியும் நாங்கள் தற்காலிகம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நேற்றுதான் வேலைக்கு வந்தவள் மாதிரி புதுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். காய்ச்சல் வந்தால் சம்பளம் இல்லை. இனி முடியாது. இன்று பாய்லர் அறையில் கமிட்டி கூடி முடிவெடுத்துவிட்டோம்: பாய்லர்காரர், மிஷின் ஓட்டும் இரண்டு பேர், நெட்டை, நான். வரும் திங்கள் வேலை நிறுத்தம். காதும் காதும் வைத்தாற்போல் இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு அன்று காலை வாசலில் சொன்னால் போதும்.

ஆபரேஷன் அறைக்குப் போகும் பச்சைத் துணிகளை மட்டும் முன்கூட்டியே வெளுத்து அடுக்கிவிடுவோம். நோயாளிகள் நமக்கு என்ன செய்தார்கள்? அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை, எல்லோரும் தலையாட்டினோம்.

மார்ச் 10, திங்கள்

காலை ஆறு மணிக்கு வாசலில் இரண்டு வேன். உள்ளே முப்பது வெளியாட்கள், கையுறை உட்படத் தயாராக. மானேஜர் சிரித்துக்கொண்டே நிற்கிறார். "வர்றவங்க வரலாம். வராதவங்க இடம் காத்திருக்காது." பதினொரு மணிக்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நானும்தான்.

வெளியாட்களை ஒரே காலையில் பிடிக்க முடியாது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. யார் சொன்னது?

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து பேர். ஒருவர் நான். மீதி நான்கு.

பாய்லர்காரர் இல்லை. அவரைப் போன வருடமே வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள். மிஷின்காரர்கள் இருவரும் மானேஜரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். அது நடிப்பாகவும் இருக்கலாம். பாய்லர்காரர் மட்டும் நடிக்க மாட்டாரா என்ன?

போன சனிக்கிழமை நெட்டை மானேஜர் அறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, லீவு கேட்டேன்" என்றாள். லீவு கேட்பதற்கு யாராவது அழுவார்களா?

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார்: "கூட இருக்கறவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். வெளியில போய்த் தேடுறியே." பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

செய்துவிட்டேன். முனை சேர்க்கும்போது நெட்டையிடம் மட்டும் சொன்னேன்: "வியாழக்கிழமை மறுபடி நிறுத்தறோம். யார்கிட்டயும் மூச்சு விடாத. கமிட்டிலகூட பேசாத, பாய்லர்காரர் சொல்லியிருக்காரு." அவர் எதையும் சொல்லவில்லை. அது முழுப் பொய்.

அவள் கண் மின்னியது. "இந்த தடவை விடக் கூடாதுக்கா" என்றாள். நன்றாக நடிக்கிறாளா, நிஜமாகவே சந்தோஷமா? எனக்குத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது இரண்டாகத் தெரிகிறது.

மார்ச் 19, புதன்

சாப்பாட்டு நேரத்தில்கூட உட்காராமல் நெட்டை பச்சைத் துணி மடித்தாள். "ஆபரேஷன் பண்றவங்களுக்குத் துணி இல்லன்னு ஆயிடக் கூடாதுக்கா." என் பொய் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று நானும் கூடவே மடித்தேன். அலமாரி நிரம்பிவிட்டது.

மார்ச் 20, வியாழன்

வேன் வந்தது. இரண்டும்.

யாரும் நிறுத்தாத வேலை நிறுத்தத்துக்கு முப்பது பேர் வந்து நின்றார்கள். பிடித்துவிட்டேன் என்று வெற்றியாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நெட்டை வேனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பாய்லர் அறையில் நான்கு பேர் முன்னால் சொன்னேன். எந்த நாள், என்ன வார்த்தை, எல்லாம். நெட்டை மறுத்துப் பேசவே இல்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனாள். குற்றவாளி சண்டைகூடப் போடவில்லை பாருங்கள் என்றார் ஒரு மிஷின்காரர். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவளை இஸ்திரி உருளைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். என் எதிரில் புதுப் பெண். முனை சேரவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

கமிட்டி இப்போது இல்லை. யாரும் கலைக்கவில்லை, அதுவாகக் கலைந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் பேசினால் மூன்றாவது ஆள் நின்று பார்க்கிறார்.

மானேஜர் கூப்பிட்டார். மேற்பார்வை வேலை, நிரந்தரம், கண்ணாடி அறை. "உங்களுக்குப் பொறுப்பு இருக்கும்மா. எல்லாத்தையும் கவனிக்கறீங்க."

எதற்கு எனக்கு? கமிட்டியை உடைத்ததற்குக் கூலியா? கேட்கவில்லை. வீட்டுக்காரர் இனிப்பு வாங்கி வந்தார். தின்றேன்.

ஏப்ரல் 16, புதன்

வேலை சொல்லிக் கொடுத்தார் மானேஜர். வருகைப் பதிவு, சோப்புப் பொடி இருப்பு, லாரி நேரம். கடைசியில் கண்ணாடி வழியாகப் பச்சைத் துணி அலமாரியைக் காட்டினார். நாலாவது தட்டில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. பதினோரு வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன். அளவுக் குறி என்று நினைத்திருந்தேன்.

"அடுக்கு அந்தக் கோட்டத் தாண்டுச்சுன்னா உடனே எனக்கு போன் பண்ணுங்க. நிறுத்தறதுக்கு முன்னாடி நாள் எப்பவும் தாண்டும். நோயாளிங்க மேல உங்க ஆளுங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி. நான் இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூடக் காசு குடுத்து விஷயம் வாங்கினதில்லம்மா, தேவையே வரல."

தலையாட்டினேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை அடுக்கியது அவள் மட்டுமா? பாதி என் கை. அய்யோ, நான் என்னடி பண்ணிட்டேன் உனக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

நெட்டை வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். மார்ச்சிலேயே நடக்க வேண்டிய கண் ஆபரேஷனாம், லீவு கிடைக்காமல் தள்ளிப் போயிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை அழுதது அதற்கு.

சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். நெடுநேரம் அம்மாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"சந்தேகப்பட்டது பரவால்லக்கா. பதினோரு வருஷமா எதிர்லதானே நின்னேன். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மே 6, செவ்வாய்

அலமாரி கோட்டுக்குக் கீழேயேதான் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். நெட்டையும் பாய்லர்காரரும் பேசிக்கொள்கிறார்களா? நான் எட்டிப் பார்த்தால் இருவரும் வேலையில் இருக்கிறார்கள். ஏதோ நடக்கிறது. ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம்.

மே 12, திங்கள்

உள்ளே நானும் மானேஜரும் மட்டும். வெளியே அறுபத்திரண்டு பேர். வேன் இல்லை.

"கோடு தாண்டலையே? நீங்க பாக்கலையா?" என்று என்னிடம் கத்தினார். தாண்டவில்லை என்றேன், உண்மைதான். மூன்று வாரமாகத் தினம் நாலு கட்டு வீதம் பாய்லர் அறையில் சுத்தமான உறை போட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரி லாரியை வாசலில் மறித்து, பச்சைத் துணி எல்லாவற்றையும் அவர்களே ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொள்முதல் அதிகாரி போன். படுக்கை விரிப்பு எங்கே என்று கேட்டிருப்பார். நாற்காலியில் இருந்த மானேஜர் எழுந்து நின்று, "சார், சார்" என்று போனுக்குத் தலைகுனிகிறார். இவருக்கும் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது, அதற்கு வெளியே நின்று யாரோ இவரைக் கவனிக்கிறார்கள். முதலாளி என்று ஒருவர் உண்டாம். நான் பார்த்ததில்லை. மானேஜரும் பார்த்ததில்லை என்று இப்போது சந்தேகம்.

என்னிடம் யாரும் நாளைச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மே 16, வெள்ளி

அறுபத்திரண்டு பேருக்கும் நிரந்தரம். காய்ச்சல் விடுப்புக்குச் சம்பளம் உண்டு. ஒப்பந்தத்தைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு பெயராகப் படித்தேன். மேற்பார்வைக்காரி என்பதால் என் பெயர் அதில் வராது.

விடுப்புச் சீட்டோடு நெட்டை கண்ணாடி அறைக்கு வந்தாள். அம்மாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போகிறாளாம். அம்மாவுக்கு இப்போது கண் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா தெரியுது மேடம்" என்றாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினாள். போட்டுக் கொடுத்தேன்.