முதலைத்துறைக் கயிற்றுக் குழுவிடம் கருத்துக் கேட்ட விதம்

நீரில் இறங்கினவர் எல்லாரும் கரையேறுக.

பேராற்றின் இருகரையையும் ஏழு துறைகளையும் தம் வெண்குடைக்கீழ் வைத்துக் காக்கும் கோப்பெருந்தேவியார், பேராறுடைய நாச்சியார், திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைக்கரணம் நெடுங்கண்ணன் எழுதியது. மருதூர் உடையாரும் குழுச்சீரமைப்பு அமைச்சருமாகிய கண்டன் மழவராயர் காண்க. உமது மருதூரில் நெல் முற்றுக. பசுக்கள் கன்றோடு பொலிக. நீர் இளைப்பாறும் மேல்மலை மாளிகையில் குளிர்காற்று குறைவின்றி வீசுக. எந்த வெள்ளமும் எட்டாத உயரத்தில் அம்மாளிகை அமைந்திருப்பது குறித்துத் தேவியாருக்கு மிக்க மகிழ்ச்சி.

ஓலை முதலைத்துறைக் கயிற்றுக் குழுவைப் பற்றியது. நீர் அவர்களை மறந்திருக்கக் கூடும் ஆகையால், முதலிலிருந்தே எழுதும்படி ஆணை.

ஐப்பசி வெள்ளத்தில் துறை கடப்போரை ஆறு இழுத்துக்கொண்டு போனால், கரையிலுள்ள மருதமரத்தில் கட்டிய வடத்தைப் பிடித்தபடி வரிசையாக இறங்கி அவர்களை மீட்பது அக்குழுவின் பணி. மீன்பிடிப்போர், குயவர், வண்ணார், உப்பு விற்போர் என முப்பத்தொன்பது பேர். ஊதியம் இல்லை, பட்டம் இல்லை, கோயிலில் முதல் மாலை இல்லை. தாமாக வந்து சேர்ந்தவர்கள். வடத்தின் நுனியை இடுப்பில் முடிந்துகொண்டு முதலில் நீரில் இறங்குபவரைத் தலைக்கை என்பார்கள். ஏழு ஆண்டுகளாகத் தலைக்கை நீலன் மகள் கொற்றி. மீனவப் பெண், குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. அவர்களிடம் எழுதிவைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. முன்னால் ஒருவர் நீரில் நிற்கும் வரையில் பின்னால் நிற்பவர் வடத்தை விடக் கூடாது என்ற ஒன்றே அவர்கள் அறிந்த சட்டம்.

இக்குழுவை இனி ஐந்து பிரபுக்கள் கொண்ட அவை ஆள வேண்டும் என்றும், தலைக்கையை அவ்வவையே நியமிக்கும் என்றும், ஐவர் முத்திரையும் விழுந்த பின்னரே வடத்தை ஆற்றில் இறக்க வேண்டும் என்றும் நீர் பன்னிரண்டு விதிகள் எழுதிக் கொணர்ந்தீர். குழுவினர் ஒவ்வொருவரையும் கேட்டு, அவர்கள் சொல்வதையும் எழுதி வந்தால் மட்டுமே முத்திரை வைப்போம் என்று தேவியார் அருளினார். நீரும் தலைவணங்கிப் புறப்பட்டீர்.

கேட்க வருகிறார்கள் என்ற செய்தி எட்டியதும் கொற்றி மகிழ்ந்துபோனாள். இதை நீர் அறிந்திருக்க மாட்டீர். குழுவில் குறை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். முந்திய ஆண்டு வண்ணார் வீட்டாருக்கும் உப்பு விற்போருக்கும் மூண்ட சச்சரவில், வடத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் யார் என்றே தெரியாமல் ஒரு மாதம் வீணாயிற்று. மாற்றம் வேண்டும் என்று அவளே சொல்லி வந்தாள். எட்டு நாள் வலையைத் தொடாமல் வீடு வீடாகச் சென்று எல்லாருடைய எண்ணத்தையும் கேட்டு மனத்தில் முடிந்து வைத்தாள். ஐவர் அவை வரட்டும், மேற்பார்வை பார்க்கட்டும்; தலைக்கையைத் தேர்வது மட்டும் எங்களிடம் இருக்கட்டும், ஆற்றில் ஆள் போகும்போது முத்திரைக்காகக் காத்திருக்க முடியாது என்று அமைச்சரிடம் சொல்வதற்குத் தனக்குத்தானே பேசிப் பழகியும் பார்த்தாள். அரசு தன்னைக் கேட்கப் போகிறது என்று அவள் நம்பினாள். பாவம்.

ஆடி மாதம் பதினெட்டாம் நாள் நீர் வந்தீர். பந்தலில் பாய் விரித்து, பானகம் வைத்து, காலை முதல் காத்திருந்தார்கள். உமது பல்லக்கு உச்சிவேளைக்கு வந்தது. மாலைக்குள் மருதூர் திரும்ப வேண்டும் என்றீர். முப்பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராகப் பேசினால் பொழுது சாயும் என்று கண்டு, அவர்கள் எதையும் வடத்தைப் பிடித்தே செய்பவர்கள் ஆயிற்றே, அதையே பிடித்துக் கருத்துரைக்கட்டும் என்று அருளினீர். பணிவரிசையில் நிற்கச் சொன்னீர். வழக்கப்படி கொற்றி நுனியை இடுப்பில் முடிந்து மார்பளவு நீரில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் குயவன் வேட்கோ சாத்தன், அவனுக்குப் பின்னால் மற்றவர். ஆடிப் புனல் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. உமது ஏவலர் பன்னிரண்டு விதிகளையும் வாசித்து முடித்ததும், உடன்படாதவர் வடத்தை விட்டுவிடலாம் என்று அறிவித்தீர்.

ஒருவரும் விடவில்லை.

எப்படி விடுவார்கள்? நீரில் கொற்றி நின்றாள்.

அடுத்து நடந்ததை அவரவர் சொன்ன சொல்லிலேயே எழுதும்படி ஆணை. நயமாக்கி எழுத முனைந்த அடியேனின் எழுத்தாணியைத் தேவியார் தடுத்தருளினார். கொற்றி திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "விடுங்கடா! நான் நீந்திக்கிறேன், விட்டுத் தொலைங்க!" அதற்குச் சாத்தன் சொன்னது: "நீ தண்ணியில நிக்கிறப்ப எப்படிக்கா விடுறது?" அவள் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்த முடிச்சு இறுகிவிட்டது. அதற்குள் நீர் தலைகளை எண்ணி முடித்தீர்.

உமது அறிக்கை இப்போது தேவியாரின் முன்னே கிடக்கிறது. முப்பத்தொன்பது பேரும் ஒருமனதாக உடன்பட்டனர் என்று அதில் கண்டிருக்கிறது. குழுத்தலைவி மகிழ்ச்சி மிகுதியால் ஆர்ப்பரித்தாள் என்றும் கண்டிருக்கிறது. அதை வாசித்துத் தேவியார் புன்னகைத்து, மறுகேள்வி கேளாமல் முத்திரை வைத்தார். இதை மறைக்காமல் எழுதுக என்பதும் ஆணை. மூன்றாம் நாள் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். கொற்றி மும்முறை அவையின் வாசலுக்கு நடந்தாள். கருத்துக் கேட்பு நிறைவுற்றது, ஒருமனதான முடிவை மாற்ற வழியில்லை என்று மும்முறையும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார்கள்.

ஐப்பசி ஒன்பதாம் நாள் பட்டப்பகலில், எதிர்க்கரை நெசவாளர் ஏழு பேர் வந்த பரிசல் நடு ஆற்றில் கவிழ்ந்தது. வடம் அவையின் அறையில் பூட்டியிருந்தது. நான்கு முத்திரை விழுந்தது; ஐந்தாமவர் மருமகன் வீட்டு விருந்துக்குப் போயிருந்தார். அவை நியமித்த புதிய தலைக்கை, ஆணை வரட்டும் என்று கரையில் கைகட்டி நின்றார். நின்றவரைக் குறை சொல்ல முடியாது; விதி அப்படி.

கொற்றியும் சாத்தனும் இன்னும் அறுவரும் வடமில்லாமல் குதித்தார்கள். நால்வரை இழுத்து வந்தார்கள். மூவர் போயினர். ஐந்தாவது ஆளுக்காக மீண்டும் போன சாத்தனும் போனான். இரண்டு நாள் கழித்துக் கீழைத்துறை நாணலில் கிடைத்தான். அவன் சூளையில் அன்று அடுக்கிய பானைகளை அவன் மனைவிதான் பிரித்தாளாம்.

நேற்று தேவியார் அரசவையில் வீற்றிருந்த நாளோலக்கத்துக்குக் கொற்றி வந்தாள். அழவில்லை, தேவியாருக்கு வணக்கமும் சொல்லவில்லை. முறையீடு யாது என்று வினவியபோது, முறையீடு ஒன்றும் இல்லை என்றாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கே விட்டிருக்கணும் அவன். நான் போயிருப்பேன், அவன் இருந்திருப்பான். எங்களுக்கு விடத் தெரியலை, அதை எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

விதிகள் பன்னிரண்டையும் கல்லோடு பெயர்த்தெறியச் சொல்லி, சாத்தன் போனபின் துறையை விட்டு விலகிய குழு மீண்டும் திரும்ப வேண்டும் என்று தேவியார் வேண்டினார். ஆணையிடவில்லை, வேண்டினார். மீதமுள்ள முப்பத்தேழு பேரையும் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள் கொற்றி. எத்தனை நாள் ஆகும் என்று வினவியதற்கு, எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் ஆகும் என்று சொல்லிவிட்டு, விடைபெறாமலே போனாள். வாயிற்காவலர் தடுக்க எழுந்தனர். தேவியார் கையமர்த்தினார்.

ஆகவே, மழவராயரே, அவர்கள் பேசி முடிக்கும் வரையில் முதலைத்துறையில் குழு இல்லை. ஆறோ பெருகிக்கொண்டிருக்கிறது. இவ்வோலை கண்ட பொழுதே பல்லக்கை விடுத்துக் குதிரையேறி நீர் துறைக்கு வந்து சேர்க. தலைக்கை நீரே. உமக்குப் பின்னால் வடம் பிடிக்க அவையின் பிரபுக்கள் ஐவரும் கரையில் வந்து நிற்கின்றனர். உம்மைப் போலவே அவர்களையும் கேட்காமல்தான் நிறுத்தியிருக்கிறோம். வடத்தின் நுனியை இடுப்பில் இறுக முடிந்துகொண்டு, பரிசல் கவிழும் நாளில் முதலில் இறங்குக. நீர் நீரில் நிற்கும்போது பின்னால் நிற்கும் ஐவரும் கையை விடமாட்டார்கள் என்று நீர் நம்பினால், அதை உம் கையெழுத்தில் எழுதி எமக்கு அனுப்புக. நம்பவில்லையெனில் அதையும் எழுதுக.

இது எம் ஆணை. மீன் பொறித்த எம் முத்திரை இதன்மேல் இட்டோம். இம்முறை வாசித்துவிட்டு இட்டோம்.