நான் குறித்துக்கொள்ளாத எண்

உன் எனாமல் கிண்ணம் என் வாசலில் இருக்கிறது. எலும்புச் சாறு ஊற்றிப் பிசைந்து காலையில் வைத்த சோறு ஆறி ஏடு கட்டிவிட்டது. அந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. உன் நாய் ஜிம்மி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து என் கையையே பார்க்கிறது. உன்னைப் புதைத்து இன்றோடு ஆறு நாள். அது ஒழுங்காகச் சாப்பிட்டும் ஆறு நாள்.

சுரங்கம் மூடும்வரை நீ, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்தவன். எத்தனை மணி என்பதில் ஆட்களின் உயிர் இருந்தது. நாயையும் அப்படித்தான் பழக்கினாய். அது தூங்கி எழுந்து முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும்போது, கரண்டியால் கிண்ணத்தில் இரண்டு முறை தட்டி ஒரு துண்டு ரஸ்க் போடுவாய். மண்ணைப் பறித்தால் மூன்று. சில வாரங்களில், நீ இரண்டு தட்டினால் அது அப்படியே முன்னங்காலை நீட்டி வணங்கியது.

“நான் இன்னாத்த கத்துக் குடுத்தேன்? அது செய்யறதுக்கு நம்பர் போட்டேன், அவ்ளோதான்” என்பாய். மூன்று தட்டியதும் அது உன் செம்பருத்தியைத் தோண்டியபோது நான் சிரித்தேன். “மைன்ஸ்காரன் வூட்டு நாய்ப்பா. தோண்டாம, உன்னாட்டம் பேப்பரா படிக்கும்?” என்றாய்.

ஞாயிறு இதழுக்கு இந்த வித்தையைப் பற்றி எழுத வந்த அன்று ஏழுவரை எல்லா எண்களையும் குறித்துக்கொண்டேன். நீ சோறு வைக்கப் போனதும் பேனாவை மூடிவிட்டேன். சாப்பிடுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று நினைத்தேன்.

பெங்களூர் ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் அதை என்னிடம் விட்ட உன் மகள் சொன்னாள்: “அப்பா தட்டுனாதான் வாய வெக்கும் அங்கிள். எத்தினின்னு நான் எண்ணலியே.”

உடம்பில் குறையில்லை என்கிறார் ஆண்டர்சன்பேட்டை டாக்டர். ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை தட்டிப் பார்த்தேன். இரண்டுக்கு வணங்கியது. மூன்றுக்கு வெளியே ஓடித் தோண்டிவிட்டு, மூக்கில் மண்ணோடு திரும்பி வந்தது. தெரிந்ததையெல்லாம் வெறும் வயிற்றோடு செய்து காட்டிவிட்டு மறுபடி என் கையைப் பார்த்தது.

“நீங்க வேணும்னே தட்டலன்னு நெனைக்குதுங்க” என்றாள் என் மனைவி. விரலில் தொட்டு நீட்டும் பாலை மட்டும் நக்குகிறது.

நேற்று மாலை அது தானாக எழுந்து வந்து, என் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்து, நீளமாக மூச்சு விட்டது. உன் முறைப்படி அந்த நொடியில் அதற்கும் ஓர் எண் தட்டியிருக்க வேண்டும். கரண்டியை எடுத்துவிட்டேன். தட்டினால், இனி நான் கேட்கும்போதெல்லாம் அது இப்படி வந்து படுக்கும். கரண்டியைக் கீழே வைத்தேன். இருட்டும்வரை காலை அசைக்கவில்லை. அந்தத் தாடையின் கனம் இன்னும் பாதத்தில் இருக்கிறது.