மானிட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்

என்னங்க,

கீரமங்கலத்தில் செவந்தி மகள் வளைகாப்புக்குப் போகிறேன். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டியிருக்கிறேன்.

லேப்டாப்பை அப்டேட் செய்ததும் அதில் மாட்டியிருந்த இந்த மானிட்டர் இருண்டுபோன அன்று, "கண்ணு தெரியாத மனுசனுக்கு இம்புட்டுப் பெருசு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"சரி, ரத்தினவேலுக்குக் குடுத்துர்றேன்" என்றீர்கள். அதோடு மூன்று நாளாக, இதில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பதையே விட்டுவிட்டீர்கள்.

காலையில் நீங்கள் வயலுக்குப் போனதும் திருமயம் கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேத்து அமுக்குங்கம்மா. டூப்ளிகேட்னு வரும், அத க்ளிக் பண்ணுங்க."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாம்மா."

படம் வந்துவிட்டது. எழுத்தையும் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். நான் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கத்தான் வழி தெரியவில்லை. நேரில் சொல்ல வாயும் வரவில்லை.

நாலு மணிக்கு ரத்தினவேல் மானிட்டரை எடுத்துப்போக வருவார். காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

இன்னொன்று: இன்றைய பேப்பரை மானிட்டரில் திறந்தே வைத்திருக்கிறேன். நான் வந்ததும் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசியுங்கள். மூன்று நாளாக அந்தச் சத்தமில்லாமல் எனக்குச் சமையலே ஓடவில்லை.

— ராஜலட்சுமி