இரண்டாவது "ஆ"

சின்னு,

அப்பா நம்மை விட்டுப் போன அன்று காலை, முகம் துடைத்துக்கொண்டு நின்றவரின் கணுக்காலை நாய்க்குட்டி கவ்வியது. "ஆ!" என்று கத்தினார்.

"மெதுவாங்க, பக்கத்து வீட்டுல என்னமோ ஏதோன்னு ஓடி வரப்போறாங்க."

"கத்தினாத்தானே அதுக்கு வலின்னா என்னன்னு புரியும்? நாய்க்கு வாத்தியார் வேலை லேசுப்பட்டதா?"

கொஞ்ச நேரத்தில் இன்னொரு "ஆ" கேட்டது. நான் சிரித்துக்கொண்டே பால் காய்ச்சினேன். போய்ப் பார்த்தபோது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். குட்டியிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறார் என்றே நினைத்தேன்.

"ஏம்மா உடனே அப்பாகிட்ட போகல?" என்று நேற்று கேட்டாயே, இதுதான் நடந்தது. அந்த இரண்டாவது "ஆ" குட்டிக்கா, நெஞ்சுவலிக்கா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கோபித்துக்கொள், ஆனால் சாப்பிடாமல் இருக்காதே. மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

இன்றுதான் மறுபடி வேலைக்குப் போகிறேன். சாவி ஜன்னலோரம். குட்டி கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதே, விளையாட்டென்று நினைக்கும். கையைத் தளரவிட்டு, அப்பா மாதிரி கத்திவிட்டு, திரும்பிக்கொள். விட்டதும் கயிற்றைக் கடிக்கக் கொடு. அடிக்காதே.

மறந்துவிட்டேன்: எனக்கு அந்தச் சத்தம் தொண்டையை விட்டு வர மாட்டேன் என்கிறது, நீதான் கத்த வேண்டும். நேற்று நீ கதவில் விரலை நசுக்கிக்கொண்டு "ஆ" என்றதும் நான் விழுந்தடித்து ஓடி வந்தேன். குட்டி மட்டும் கவ்வியிருந்த செருப்பை விட்டுவிட்டு, அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

அம்மா