துடைக்காத கண்ணாடி

ஜெர்மனி
2 செப்டம்பர் 2024

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினாலே "எப்ப வார?" என்று கேட்டுச் சண்டையில் முடிக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடியில் ஓவியம் தீட்டப் பழகும் இந்தப் பட்டறையில் பெரிய தப்பு செய்துவிட்டேன். மேசையில் ஒரு கண்ணாடி அழுக்காகக் கிடந்தது. நம் கண்ணாடிக் கடைப் பழக்கம், கை சும்மா இருக்குமா? ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டேன். அது அழுக்கில்லை, தேவாலய ஜன்னலுக்காக ஆசிரியை ஹெல்கா கறுப்புச் சாயத்தில் தீட்டி, சூளையில் சுடுவதற்காக வைத்திருந்த திராட்சை இலை! அவர் திட்டவில்லை. "நீயே வரைந்து கொடு. நன்றாக வந்தால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே பழகு" என்றார். மச்சான், எனக்கு இருக்க ஆசை.

நர்கீஸ்

திண்டுக்கல்
20 செப்டம்பர்

நர்கீஸுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். இலை வராவிட்டால் கவலைப்படாதே. மூன்று மாதம் என்றுதானே போனாய்? நீ திரும்பி வர டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கண்ணாடி என்றால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். அதில் கறுப்பைப் பூசப் பழகுவதற்கு ஒரு வருடமா? நீ இல்லாத வீட்டில் சோற்றுக்கு ஒரு வெஞ்சனம் வைக்கக்கூட எனக்கு மனசில்லை.

ஹாமித்

ஜெர்மனி
14 அக்டோபர்

அன்பு மச்சான்,

ஆமாம், கறுப்பைப் பூசுவதுதான். இரும்புத் துருவையும் கண்ணாடித் தூளையும் வேலம்பிசினில் குழைத்து முழுக்கப் பூசுகிறோம். காய்ந்ததும் குச்சியால் கீறினால், கீறிய இடத்தில் வெளிச்சம் பிறக்கிறது! பழுதுபார்க்க வந்த பழைய தேவாலய ஜன்னலில், எண்ணூறு வருடத்துக்கு முன்னால் யாரோ கீறிய கோட்டின் வழியாக இன்று காலை வெயில் வந்து, என் வெள்ளைத் துப்பட்டாவில் பச்சையாக விழுந்தது. துப்பட்டாவை விரித்து விரித்துப் பார்த்தேன்.

என் இலை மட்டும் வரவில்லை. போட்டோவைப் பார்த்தால் நரம்பு போகும் வழி கைக்குப் பிடிபடவில்லை. இங்கே திராட்சைக் கொடியில் இலையெல்லாம் பழுத்து உதிர்கிறது. நம்மூர்ச் செம்பட்டிப் பக்கத் தோட்டத்தில் ஒரு திராட்சை இலை பறித்து அனுப்புவீர்களா? அனுப்பினால் நான் இருந்துவிடலாம் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் வற்புறுத்தவில்லை.

நர்கீஸ்

திண்டுக்கல்
30 அக்டோபர்

நர்கீஸ்,

அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். செம்பட்டியில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டப் போனபோது, பக்கத்திலேயே திராட்சைப் பந்தல். தோட்டக்காரர் சோலைமுத்து, "ஒத்த இலைக்கு இம்புட்டு யோசனையா? பறிச்சுக்கங்க பாய்" என்றார்.

பறித்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். நரம்பு நரம்பாக வெளிச்சம் ஓடியது, புள்ள. கையை இறக்கவே தோன்றவில்லை. இத்தனை காலம் கண்ணாடி விற்கிறேன். வெளிச்சத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். இரண்டு கண்ணாடி வெட்டி, நடுவில் இலையை வைத்து அனுப்பியிருக்கிறேன். மேல் கண்ணாடியில் என் விரல் ரேகை பதிந்திருக்கிறது. வழக்கம்போலத் துடைக்கப் போனேன், விட்டுவிட்டேன்.

நீயும் துடைக்காதே.

ஹாமித்