பாப்பா வாய்க்குள் போன உன் பொத்தான்

பகடை கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பாப்பா சப்பிக் கொடுத்த பகடை. எச்சிலும் பிஸ்கட் கூழும் கலந்த அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறினாலே உன் ஞாபகம்தான் வருகிறது மச்சான். கோபித்துக்கொள்ளாதே.

பாப்பா என் பேத்தி. இரண்டு வயது முடிந்திருக்கிறது. மகனும் மருமகளும் பெங்களூர் வேலை முடிந்து ரயிலில் திரும்பும்வரை நானும் அவளும்தான். காற்றடித்தால் மூடிய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டுத் தூசி வீட்டுக்குள் வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு உன் பாம்பு ஏணி அட்டையை விரிக்கிறோம். அவளுக்கு ஏணி வேண்டாம், பாம்புதான் வேண்டும். மூக்குச் சளி உதட்டில் வழிய, "எறங்கு தாத்தா, எறங்கு!" என்று காயை வாலுக்கு இழுத்துவிட்டுக் கை தட்டுகிறாள். தினமும் கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய நமக்கு அட்டையில் இறங்கக்கூடப் பிடிக்காது.

நீயும் இதே அசிங்கம்தான். பகடையில் 'தூ' என்று துப்பாமல் உருட்டமாட்டாய். நான் அதைச் சட்டையில் துடைத்தால், "இன்னா தொரை, சோப்பு கொண்டாரட்டா?" என்பாய். உன் காய் தொலைந்ததும் காக்கிச் சட்டையில் ஒரு பொத்தானைப் பிய்த்து வைத்தாய். அதிலும் துப்பித்தான் வைத்தாய்.

கல்தூசி நெஞ்சை அடைத்து நீ படுத்த பிறகும் கட்டிலில் அட்டை போட்டோம். பக்கத்தில் உன் கோழை டின். அந்த நாற்றத்துக்கு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டுதான் பகடை உருட்டுவேன். கடைசியில் துப்பவும் உனக்குத் தெம்பில்லை. துணி சுற்றிய விரலால் நான்தான் வழித்தெடுத்தேன். "சீ சொல்லுடா தொரை," என்றாய். "சீ," என்றேன். நீ சிரித்தாய். சிரித்ததில் மறுபடி அடைத்துக்கொண்டது.

நேற்று சாயங்காலம் பகடையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் அட்டையில் உன் பொத்தான் இல்லை. பாப்பா கண் பிதுங்க நின்றாள். சத்தமே வரவில்லை. மடியில் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் அறைந்தேன். மறுபடி அறைந்தேன். பொத்தான் நாக்குக்கு வந்தது. விரலால் வழித்தேன். பொத்தான், சளி, பிஸ்கட் எல்லாம் என் உள்ளங்கையில். அவள் வீறிட்டு அழுதாள். அத்தனை நாற்றத்தோடும் அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

அப்புறம் என் சட்டையில் மூக்கைத் துடைத்துவிட்டு, "பொத்தா குடு, எறங்கணும்," என்கிறாள்!

"அந்த அழுக்குப் பொத்தான தூக்கிப் போடுங்க மாமா," என்றாள் ராத்திரி வீடு திரும்பிய மருமகள். என் சட்டையில் தைத்துத் தரச் சொன்னேன். "வெள்ளச் சட்டைக்கு காக்கிப் பொத்தானா? நல்லா கீது!" என்று திட்டிக்கொண்டே இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்தாள்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நீ போன பிறகு கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது. இதை எழுத எழுத, பாப்பா மடியில் உட்கார்ந்து அந்தப் பொத்தானைச் சப்புகிறாள். சட்டை ஈரமாகி நெஞ்சில் ஒட்டுகிறது.

சீ, மச்சான். சீ.