அப்பா கட்டிய ரோட்ஸ்டர்

பிளசன்டன், கலிபோர்னியா
22 அக்டோபர் 1998

அன்பு மகள் வெண்பாவுக்கு அம்மா எழுதுவது,

அங்கே எடிசனில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாசாணியம்மன் துணை இருக்கட்டும். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை கண்ணு. நீ ஐந்து வயதில் இந்த ஊருக்கு வந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், இருந்தாலும் இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு மொழி வராது. போனில் சொல்லலாம் என்றால் நீ பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் வீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் படி, ஆபீஸ் போகும் டிரெயினில் வைத்துப் படிக்காதே.

மற்ற சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உடுமலையில் திருமூர்த்தி மாமா பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி. நம் மூன்று பேரையும் கூப்பிட்டிருக்கிறார், நான் பார்க்கலாம் அண்ணா என்று மட்டும் சொல்லி வைத்தேன். கறிவேப்பிலைத் தொட்டியைப் போன வாரமே உள்ளே எடுத்து வைத்துவிட்டேன், காலையில் இப்போதே குளிர்கிறது. உனக்குப் பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறேன், தனியாக பார்சல் வரும், கொள்ளுப் பொடியை ஈரக் கரண்டி போட்டுக் கெடுக்காதே. பக்கத்து ஊர் டப்ளினில் இருக்கும் ஷ்யாமளா ஆன்ட்டி உன்னை விசாரித்தார்கள். இவ்வளவுதான் நல்ல சேதி.

இனி அப்பாவைப் பற்றி. அந்த ரோட்ஸ்டர் காரை அப்பா கட்ட ஆரம்பித்த கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு மனது ஆறும் போலிருக்கிறது. நீ ஹைஸ்கூலில் இருந்தபோது ஃபேர்கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பழைய கார் ஷோ பார்க்கப் போய்விட்டு வந்து, அன்று ராத்திரி சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். கூரை இல்லாத இரண்டு சீட் வண்டியாம், நம் தாத்தா காலத்துப் பாடியாம், அதற்குள் பெரிய என்ஜினை இறக்கிப் பறக்கிற மாதிரி செய்துவிடுகிறார்களாம், அதுவும் ஒவ்வொருவனும் தன் வீட்டு கராஜிலேயே. அடுத்த மாதமே பக்கத்து வீட்டு ரேயின் டிரக்கில் டிரேசிப் பக்கம் ஏதோ ஒரு பண்ணைக்குப் போய், முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு பாடி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் கோழி அடை காத்துக்கொண்டிருந்ததாம். இரும்புக் கடைக்குப் போக வேண்டியதை வீட்டுக்குள் கொண்டுவருகிறாரே என்று எனக்கு அன்றைக்கு அத்தனை கோபம். ஆனால் கண்ணு, ஒன்று சொல்கிறேன், இந்த நாட்டுக்கு வந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த கராஜில்தான். கம்பெனியில் அவர் வரைந்த டிராயிங்கெல்லாம் எந்த மெஷினுக்குள் போனது என்று அவருக்கே தெரியாது. இங்கே அவர் பற்றவைத்த இரும்பு அவர் கண் முன்னால் வண்டியாக எழுந்து நின்றது. ரேயும் பாவம், ஏரோப்ளேன் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி போன பிறகு பேச ஆள் இல்லாமல் இருந்தவர், சனிக்கிழமை ஆனால் காபிக் கோப்பையோடு வந்து நின்றுவிடுவார். நான் போண்டா போட்டுக் கொடுப்பேன், அவர் அதற்கு கெச்சப் ஊற்றிக்கொள்வார்.

போன மே மாதம் என்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள். அந்த சேதியை அப்பா உன்னிடம் அன்றைக்கே போன் செய்து சொன்னார், போனை கராஜ் வரை இழுத்துப் போய்ச் சத்தத்தைக்கூடக் கேட்கவைத்தார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நடந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார். ரே ஏதோ ஸ்பேனர் எடுக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அப்பா வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புகைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“பவளம், புகை என்ன கலர்ல வருது, பாரு. நீலமா, வெள்ளையா?”

நான் வேடிக்கை என்று நினைத்து, உங்க மூஞ்சிக்கு முன்னாலதானுங்க வருது என்றேன். அவர் திரும்பவே இல்லை.

“எனக்குத் தெரியல பவளம்.”

நீலமாக வந்தால் என்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்று அர்த்தமாம். வெள்ளைதான் வந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது, என்ஜினில் ஒரு குறையும் இல்லை. ரே வரும் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து அவரோடு கை குலுக்கிச் சிரித்தார்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது கண்ணு. ரெட்டினாவில் ரத்தம் கசிந்து கசிந்து இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்கள். வெகு நாளாகவே பார்வை மங்கியிருக்க வேண்டுமே, எப்படி வேலை பார்த்தீர்கள் என்று அந்த டாக்டரம்மா கேட்டாள். பிறகு லேசர் வைத்ததும் போதவில்லை, ஜூலையில் ஒரு நாள் காலையில் வலது கண்ணுக்குள்ளும் கறுப்பாக மை ஊற்றினது போல் இறங்கியது. இப்போது நடு வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். காரை முடிக்க வேண்டும் என்று சீக்கிரமே ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டதாக உன்னிடம் சொன்னாரே, அது இதுதான். உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நான் எத்தனை தரம் கெஞ்சினேன் தெரியுமா. சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து அவருக்குக் கைத்தடியாக நின்றுவிடுவாயாம், தன் மகள் அதற்காகப் படிக்கவில்லையாம். என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன், பலன் எனக்கே வரட்டும்.

அதற்குப் பிறகும் அவர் கராஜுக்குப் போவதை நிறுத்தவில்லை. தடவித் தடவியே வேலை செய்தார். எந்த ஆணி எந்தப் பெட்டியில் என்று கைக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் இப்படியே போனால் போதும் என்று கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் ஒயரிங்கில் எல்லாம் மாறிப்போயிற்று. சிவப்பும் கறுப்பும் அவருக்கு ஒன்றாகிவிட்டது. அவர் முடுக்கிவிட்டுப் போன ஒயரை எல்லாம் ரே மறுநாள் வந்து சத்தமில்லாமல் கழற்றி மாற்றிவிட்டுப் போவார், நான் பார்த்திருக்கிறேன், அவர் என்னைப் பார்த்து வாயில் விரல் வைப்பார். ஒரு நாள் அப்பா கை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கோபித்துக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. இனி நீங்கள் வர வேண்டாம், மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ரேயிடம் மெதுவாகச் சொன்னார். அந்த மனுஷன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலை குனிந்து போனார். அதோடு வீட்டில் பேச்சும் போயிற்று.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போய்விட்டு நான் வந்துகொண்டிருக்கிறேன். நம் தெருவுக்குள் திரும்பும்போதே அந்த என்ஜின் சத்தம் கேட்டது. பெயிண்ட் அடிக்காத சாம்பல் நிற வண்டி நம் டிரைவ்வேயில் இருந்து பின்பக்கமாக ரோட்டுக்கு வருகிறது, உள்ளே அப்பா. எதிர் வீட்டுக் குழந்தை இருக்கிறதே, நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பொம்மை வாங்கிக் கொடுத்தாயே, அது தன் மூன்று சக்கர சைக்கிளோடு நம் வாசல் நடைபாதையில் நிற்கிறது. நான் காரை அப்படியே நடுரோட்டில் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. என் குரல் கேட்டுத்தான் அவர் பிரேக் போட்டார். குழந்தை பயந்து பின்னால் குதித்துவிட்டது, சைக்கிள் மட்டும் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிப் போயிற்று. அப்பாவுக்கு நசுங்கின சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அவர் இறங்கி விழுந்து வண்டிக்கு அடியில் இரண்டு கையையும் விட்டுத் துழாவுகிறார்.

“குழந்த எங்க? பவளம், குழந்த எங்க?”

குழந்தை அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தது கண்ணு. பயத்தில் அதற்கு அழுகைகூட வரவில்லை. அவர் கையைப் பிடித்து நான்தான் அதன் தலைமேல் வைத்தேன். தொட்டதும் அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாய் ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மறுநாள் புதுச் சைக்கிள் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். இன்றுவரை அந்தக் குழந்தையை அவர்கள் முன்வாசலில் விளையாட விடுவதில்லை.

எதற்கு எடுத்தீர்கள் என்று நான் ராத்திரி கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். தெரு முனை வரைக்கும் ஒரே ஒரு தடவை, மனப்பாடமான ரோடுதானே என்று நினைத்தாராம். காலையில் வண்டியை விற்றுவிடலாம் என்று அவரே ரேயைக் கூப்பிடச் சொன்னார். ரே வந்து, அப்பாவை அவர் மயில் என்றுதான் கூப்பிடுவார், வண்டியை விற்க வேண்டாம் மயில், நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார், இரண்டு பேருமாக மீதியை முடிப்போம் என்று நல்லபடியாகத்தான் சொன்னார். பக்கத்து சீட்டில் உட்கார நான் அதைக் கட்டவில்லை என்று சொல்லிவிட்டு அப்பா சாவியை அவர் கையில் திணித்தார். இந்த மாத ஆரம்பத்தில் மொடெஸ்டோவில் இருந்து ரேக்குத் தெரிந்தவர் ஒருவர் டிரெய்லர் கொண்டுவந்து ஏற்றிப் போனார். ஏற்றும்போது அப்பா வெளியே வரவில்லை. ஹாலில் டிவி சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு, ஏதோ கார்ட்டூன் ஓடுகிறது, அதற்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டிரெய்லர் போய் வெகு நேரம் கழித்தும் சத்தத்தைக் குறைக்கவில்லை, நானும் குறைக்கச் சொல்லவில்லை.

இப்போது என்னால் தாங்க முடியாத இடத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அப்பா உன்னிடம் அரை மணி நேரம் என்னவெல்லாம் சொன்னார், நினைத்துப் பார். சீட்டுக்குக் கருஞ்சிவப்பில் லெதர் வந்துவிட்டது, தையல்காரர் ஒருவர் வந்து அளவெடுத்துப் போனார், பெயிண்ட் அடிக்கப் போவதால் வீடெல்லாம் வாசனையாக இருக்கும், தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வராதே, கிறிஸ்துமஸுக்கு வா, உன்னை ஏர்போர்ட்டிலிருந்து அதில்தான் கூட்டிவருவேன் என்றார். நீயும் சிரித்துச் சிரித்துப் பேசியிருப்பாய். நான் சமையலறையில் சப்பாத்தி மாவில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். கராஜ் காலியாகத்தான் கிடக்கிறது கண்ணு. அவர் போனை வைத்துவிட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே கராஜுக்குள் போனார். நான் எட்டிப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலும் அப்படித்தான், காபி அங்கேதான் வேண்டும். என் காரை அதற்குள் நிறுத்தட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன், இடம் இல்லையே என்றார். புத்தி பிசகிச் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

நீ வந்து அந்தக் கதவைத் திறந்து பார்த்தால் என்ன நடக்கும் என்றுதான் ராப்பகலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வா என்று சொல்லவும் முடியவில்லை, வராதே என்று சொல்ல வாய் வருமா. பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. கோயிலில் போய் நின்றால்கூட என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அவர் காரைப் பற்றி ஆரம்பித்தால் குறுக்கே அழுதுவிடாதே, அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்லி முடிக்கட்டும். அந்த நேரத்தில்தான் அவர் குரல் பழைய குரலாக இருக்கிறது.

பனி விழ ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு போ, பழைய கோட்டை இந்த வருஷமும் ஓட்டாதே, புதிதாக ஒன்று வாங்கிக்கொள். நீயும் வருஷத்துக்கு ஒரு தரம் சர்க்கரை பார்த்துக்கொள், கண்ணையும் காட்டு, நம் குடும்பத்து ரத்தம் அப்படி. உனக்கு ஒரு தீங்கும் வராமல், நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மறக்காதே. பதிலை வீட்டு விலாசத்துக்கே எழுது, பயப்பட வேண்டாம். தபாலை அப்பாதான் பெட்டியிலிருந்து எடுத்து வருகிறார், என் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறார். நீ என்ன எழுதியிருந்தாலும் நான் வேறு ஏதாவது படித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பவளம் மயில்சாமி